பொறி அக்காவும் விண்வெளிக் கொள்ளையரும்

பொறி அக்காவிடம் யாரும் சும்மா பேச்சுக் கொடுப்பதில்லை. கொடுத்தவர்கள் முக்கால் மணி நேரம் எலியைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு நகர முடியும். நகராட்சி சுகாதாரப் பிரிவில் அவளுக்கு இருபத்திரண்டு வருடமாக எலி பிடிக்கிற வேலை. பெயர் என்று ஒன்று இல்லாமல் இல்லை. அது சம்பளப் பட்டியலில் மட்டும் எட்டிப் பார்க்கும். மற்றபடி அதிகாரி முதல் வாசல் காவலாளி வரைக்கும் அவள் பொறி அக்காதான்.

எலி பிடிப்பது என்றால் ஏதோ பொறியை வைத்தோம், விழுந்தது என்று நினைப்பவர்களைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எலி நம்மைவிட யோசிக்கிற பிராணி. நடு அறையைக் கடந்து போகாது. சுவரோரமாகத்தான் போகும், அதுவும் நேற்றுப் போன அதே வழியில். புதிதாக ஒரு பொருள் வந்தால் கிட்டவே வராது. முதல் நாளே பொறியை முடுக்கி வைக்கிறவன் அவசரக் குடுக்கை. அக்காவின் முறை வேறு. பொறியின் கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே வைப்பாள். மூன்று நாள் அதே இடம், அதே நேரம், அதே தீனி. பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கக் கூடாது. முதல் நாள் எலி திரும்பிப் பார்க்காது. இரண்டாம் நாள் மோந்து பார்க்கும். மூன்றாம் நாள் கொறிக்கும். நாலாம் நாள் கம்பியை அவிழ்த்துவிட்டால், அது தன் வீட்டுக்குள் போவதுபோல நேராக உள்ளே போகும்.

இந்தப் பொறுமையெல்லாம் எலிக்கு மட்டும்தான். மனிதர்களிடம் அவளுக்கு மூன்று நிமிடம்கூடத் தாங்காது. ஆய்வுக்குப் போனால் கடைக்காரர் ‘வாங்க’ என்று சொல்லி முடிப்பதற்குள் மூட்டையை நகர்த்தியிருப்பாள். படிவத்தைக் கையில் எடுத்தால் முழுக்கப் படிக்க மாட்டாள். எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று விரலுக்கே தெரியும் என்பாள். அந்த விரல்தான் ஒரு நாள் அவளைக் கவிழ்த்தது.

அன்றைக்கு அவளுக்குப் பதினான்கு கடைகள். ஒன்பதாவது கடை, ரொட்டிக் கடை. அவளுடைய சொந்தத் தம்பியின் கடை. அவளைவிட ஏழு வயது சின்னவன். அவனுக்கு நடை பழக்கியதே தான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். உள்ளே போனதும் அவன் கொடுத்த பன்னை வாங்கிக் கடித்தாள். அதை மென்றுகொண்டே மாவு மூட்டைக்குப் பின்னால் டார்ச்சை அடித்தாள். எலிப் புழுக்கை. ஒன்றிரண்டு இல்லை, கைப்பிடி அளவு.

பார்த்ததை எழுதினாள். அதில் அவளைக் குறை சொல்ல முடியாது, தம்பியும் குறை சொல்லவில்லை. கடை பதினொரு நாள் மூடிக் கிடந்தது. அதையும் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினான். ஆனால் அந்தப் படிவத்தில் பதினோராவது கட்டம் என்று ஒன்று இருந்தது. ஆய்வு செய்பவருக்கும் கடை உரிமையாளருக்கும் உறவு உண்டா, இல்லையா. உண்டு என்று குறித்தால் ஆய்வை அங்கேயே நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டும். அடுத்த வாரம் வேறு பிரிவிலிருந்து ஒருவர் வருவார். அக்காவுக்கு அதெல்லாம் யோசிக்க எங்கே நேரம்? இன்னும் ஐந்து கடை பாக்கி. எட்டுக் கடையில் ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டே வந்த விரல் ஒன்பதாவதிலும் குறித்துவிட்டது. தலையை நிமிர்த்தாமல் கையெழுத்துப் போட்டு, நகலைக் கிழித்துத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

அவன் அன்று மத்தியானம் அதைப் படித்தான். உறவு: இல்லை. கீழே அக்காவின் கையெழுத்து.

அந்த நகலை அவன் கிழித்துப் போடவில்லை. மாவையே பசையாகக் கிளறி, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவைத்தான். நாளுக்கு நூறு முறை கண்ணில் படுகிற இடம். செய்தி தெரிந்து அக்கா அலறியடித்துக்கொண்டு ஓடினாள். கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்த தம்பி அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, “சொல்லுங்க, என்ன வேணும்?” என்றான்.

பிறந்ததிலிருந்து அவளை நீ, வா, போ என்று பேசியவன். அந்த ஒரு மரியாதை அவளைச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது. இரண்டு பன் வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறையை மறந்துவிட்டு வெளியே வந்தாள். அதற்குப் பிறகு பதினான்கு மாதம். ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. அந்தத் தெருவில் ஆய்வுக்குப் போனால்கூட அக்கா எதிர்ச் சாரியில்தான் நடப்பாள், சுவரோரமாக.

இந்தப் பதினான்கு மாதமும் இரண்டு வீட்டுக்கும் நடுவே நூல் அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டவள் தம்பியின் மனைவி. வாரம் ஒரு முறை போன் பண்ணுவாள். அப்படி ஒரு நாள் பண்ணியபோதுதான் அந்த விளையாட்டைப் பற்றிச் சொன்னாள். தம்பி காலை மூன்று மணிக்கு அடுப்பை மூட்டுகிறவன். மதியம் தூங்கி எழுந்து, மாலை நாலு மணிக்கு அரை மணி நேரம் போனோடு உட்கார்வானாம். ஏதோ விண்வெளியில் கிரகம் பிடிக்கிற விளையாட்டு. பக்கத்துத் தெரு டயர் கடைக்காரரும் அவனும் ஆடுகிறார்கள். மூன்றாவதாக ஆடிக்கொண்டிருந்த நண்பர் வேலை மாறிப் போய்விட்டதால் ஒரு இடம் காலியாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்.

“அண்ணி, இப்போ அவர் மனுஷங்களோட பேசுறதே அந்த விளையாட்டுல மட்டும்தான்,” என்றாள் தம்பி மனைவி. “அதுவும் டைப் பண்ணி. நீங்க வர்றீங்களா?”

புழுக்கையைப் படம் எடுப்பதற்குத் தவிர வேறெதற்கும் போனைத் தொடாதவள் அக்கா. முடியாது என்றுதான் முதலில் சொன்னாள். வேறு ஆளாக நடித்து ஏமாற்றுவதும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் தம்பி இருக்கிற இடத்தில் தானும் இருக்கலாம் என்ற ஆசையை அடக்க முடியவில்லை. தெரிந்துவிட்டால் அந்த அரை மணி நேரத்தையும் அவன் விட்டுவிட்டுப் போய்விடுவானே என்ற பயமும் கூடவே வந்தது. ஆசை, பயம் இரண்டையும் ஒரு வாரம் எடை போட்டுப் பார்த்துவிட்டு, ஆசைப் பக்கம் சாய்ந்தாள்.

சேரும்போது விளையாட்டு ஒரு பெயர் கேட்டது. அக்கா அப்போது துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போனின் மறுமுனையில் தம்பி மனைவி அவசரப்படுத்தவே, கண்ணில் பட்டதைச் சொன்னாள். அப்படித்தான் விண்வெளியில் அவள் ‘மொட்டைமாடி’ ஆனாள். தம்பியின் பெயர் ‘கருகல்’. அவன் சுடுகிற பன்னின் அடிப்பாகம் எப்போதும் ஒரு சுற்று கூடுதலாகச் சிவந்திருக்கும். அதுதான் ருசி என்று சாதிப்பான். டயர் கடைக்காரர் ‘டயர்’ என்றே வைத்துக்கொண்டிருந்தார். கற்பனைக்கெல்லாம் அவருக்கு நேரம் இல்லை.

விளையாட்டு கஷ்டமில்லை. ஆளுக்குச் சில கிரகங்கள். அவற்றில் தாது தோண்டலாம், அந்தத் தாதுவை வைத்துக் கப்பல் கட்டலாம். ஒரு நாளைக்கு ஒரு சுற்று. எந்தக் கப்பல் எங்கே போக வேண்டும் என்று ஆளாளுக்கு உத்தரவு போட்டு வைத்தால், மாலை நாலு மணிக்கு எல்லாருடைய உத்தரவும் ஒரேயடியாக ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே அரட்டைக் கட்டத்தில் எழுதிப் பேசிக்கொள்ளலாம்.

மூன்று பேருக்கும் பொது எதிரி ஒன்று உண்டு. கொள்ளைக் கப்பல்கள். அவற்றை ஓட்டுவது மனிதர் இல்லை, கணினி. வானத்தின் ஒரு மூலையில் பாறைகள் சிதறிக் கிடக்கிற பகுதியிலிருந்து ஐந்து கறுப்புக் கப்பல்கள் புறப்பட்டு வரும். ஏதாவது ஒரு கிரகத்தில் இறங்கி, குவித்து வைத்த தாதுவை வழித்து எடுத்துக்கொண்டு போய்விடும். டயர் தன் கிரகங்களைச் சுற்றிப் பீரங்கிக் கப்பல்களாக நிறுத்தி வைத்திருந்தார். அதற்கே அவருடைய தாதுவெல்லாம் தீர்ந்துவிடும். புதிதாக ஒரு சுரங்கம் தோண்ட வழியில்லை. கருகல் எதிர்மாறு. கொள்ளையர் வந்தால், கேட்டதைக் கொடுத்து அனுப்பிவிடுவான். கொடுத்தால் பத்துச் சுற்றுக்கு வர மாட்டார்கள். பதினோராவது சுற்றில் வந்து இரண்டு மடங்கு கேட்பார்கள். இரண்டு பேரும் ஆறு மாதமாக இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

அக்கா வந்த முதல் வாரமே அவளுடைய பெரிய கிரகத்தைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார்கள் கொள்ளையர். தம்பி அரட்டையில் எழுதினான்: “வருத்தப்படாதீங்க மொட்டைமாடி. எல்லாருக்கும் நடக்கிறதுதான்.” அக்கா அந்த ஒரு வரியைப் பத்துத் தடவை படித்தாள். யாரோ ஒரு மொட்டைமாடிக்கு ஆறுதல் சொல்லத் தெரிகிறது, கூடப் பிறந்தவளிடம் வாயைத் திறக்க முடியவில்லை என்று கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரிங்க” என்று பதில் போட்டாள்.

அடுத்த இரண்டு வாரம் அவள் ஒரு கப்பல்கூடக் கட்டவில்லை. வேலைக்குக் கொண்டுபோகிற நோட்டின் கடைசிப் பக்கங்களில் கொள்ளையரின் நடமாட்டத்தை எழுதிக்கொண்டே வந்தாள். எழுத எழுத அவளுக்கு முகம் மலர்ந்தது. இவர்கள் நடு வானத்தைக் கடப்பதே இல்லை. வரைபடத்தின் ஓரமாகத்தான் வருகிறார்கள், போன தடவை வந்த அதே வழியில். தாது நிறைய இருந்து காவல் குறைவாக இருக்கிற இடத்தைத்தான் தேடுகிறார்கள். காவலை எண்ணும்போது கிரகத்தின் மேல் நிற்கிற கப்பலை மட்டும்தான் எண்ணுகிறார்கள். நிலாவுக்குப் பின்னால் நிற்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு இடத்தில் அடி வாங்கினால் ரொம்ப நாளைக்கு அந்தப் பக்கமே வருவதில்லை. அக்கா நோட்டை மூடிவிட்டு, பள்ளி வேன் ஓட்டிவிட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த கணவரிடம், “இதுங்க நம்ம ஆளுங்கதான்,” என்றாள். எதுங்க என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் முக்கால் மணி நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

வரைபடத்தின் ஓரத்தில் யாருக்கும் வேண்டாத ஒரு பொட்டல் கிரகம் அவள் பங்கில் இருந்தது. அதற்கு ஒரு நிலா. அங்கே நூறு சுமை தாதுவைக் கொண்டுபோய்க் கொட்டினாள். காவலுக்கு ஒரு கப்பல்கூட நிறுத்தவில்லை. அன்று நாலு மணிக்கு ஐந்து கறுப்புக் கப்பல்களும் வந்து, அள்ளிக்கொண்டு போயின.

இரண்டாம் நாளும் அதே இடத்தில் அதே நூறு சுமை. டயருக்குப் பொறுக்கவில்லை. கொள்ளைக்காரனுக்குச் சோறு போட்டு வளர்க்கிறாயா, நீ அவனுக்குக் கூட்டாளியா என்றெல்லாம் அரட்டைக் கட்டத்தில் பொரிந்து தள்ளினார். அக்கா “பொறுங்க” என்று மட்டும் எழுதினாள். கருகல் என்ன சொல்வானோ என்று அவளுக்குப் படபடப்பாக இருந்தது. அவன் எழுதினான்: “இன்னைக்கு ரெண்டாவது நாளா?”

“ஆமா,” என்றாள் மொட்டைமாடி.

அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாளும் நூறு சுமை போனது. அன்று ராத்திரி அக்கா நிம்மதியாகத் தூங்கினாள். இதற்கென்றே கட்டிய ஒன்பது பீரங்கிக் கப்பல்களையும் மூன்றாம் நாள் சுற்றிலேயே நிலாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டிருந்தாள். ஐந்துக்கு ஒன்பது. கம்பியை அவிழ்க்க வேண்டியதுதான் பாக்கி.

இங்கேதான் அவள் சறுக்கினாள். இருபத்திரண்டு வருடம் எலி பிடித்தவள் மட்டுமே சறுக்கக்கூடிய இடம் அது. எலி மூன்று நாள் தின்றால் வயிறுதான் நிறையும். இந்தக் கொள்ளையர் தின்றது தாது. தாதுவை வைத்துக் கப்பல் கட்டலாம் என்று விளையாட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அக்கா எந்தப் படிவத்தை முழுக்கப் படித்தாள், இதைப் படிக்க?

நாலு மணிக்கு வரைபடத்தின் ஓரமாகக் கறுப்புப் புள்ளிகள் வந்தன. அக்கா எண்ணினாள். ஐந்தில் நிற்கவில்லை. பத்தைத் தாண்டியது. மொத்தம் பதினெட்டு. முந்நூறு சுமை தாதுவைப் போட்டு அவளே ஊட்டி வளர்த்த பதினெட்டு. அலுவலகத்துச் சாமான் அறையில், பொறிகள் அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தவள் மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். நிலாவுக்குப் பின்னாலிருந்து அவளுடைய ஒன்பது கப்பல்களும் தப்பாமல் பாய்ந்தன, பாவம், உத்தரவு போட்டால் அவை என்ன செய்யும். முதல் மோதலிலேயே நாலு போயிற்று.

அப்போதுதான் கீழ்ப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு பச்சைப் புள்ளிகள் திரைக்குள் நுழைந்தன. பச்சை, கருகலின் நிறம். கருகல் தன்னிடம் இருந்த கப்பல் அத்தனையையும் அனுப்பியிருந்தான். அவனுடைய கிரகங்களில் காவலுக்கு ஒன்றுகூட இல்லை. முன்னால் அக்காவின் ஐந்து, பின்னால் தம்பியின் பன்னிரண்டு. நடுவில் மாட்டிக்கொண்ட கறுப்புக் கப்பல்களில் ஒன்றுகூடத் திரும்பிப் போகவில்லை. ஆறு மாதமாக அழவைத்த கூட்டம் ஆறு நிமிடத்தில் காலி.

அரட்டையில் டயர் தலைகால் புரியாமல் ஆடினார். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவே, காவல் இல்லாமல் கிடந்த கருகலின் இரண்டு சுரங்கங்களையும் அவர் அதே சுற்றில் பிடித்துக்கொண்டிருந்ததும் தெரிந்தது. கேட்டதற்கு, சும்மாதானே கிடந்தது என்றார். கருகல் ஒன்றும் எழுதவில்லை.

அக்கா ஸ்கூட்டரைக் கிளப்பும்போதுதான் அந்தக் கணக்கு மனதில் உதைத்தது. கருகலின் கிரகத்திலிருந்து அவளுடைய பொட்டல் கிரகத்துக்கு வந்து சேர இரண்டு சுற்று ஆகும். அப்படியானால் அவன் இரண்டாம் நாளே உத்தரவு போட்டிருக்கிறான். கதவை நாலாம் நாள்தான் மூடுவாள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லையே. ஸ்கூட்டரை நிறுத்தினாள். அவனுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் நாலு மணிக்குக் கருகல் விளையாட வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தம்பி மனைவியைப் போனில் பிடித்தாள் அக்கா. தான் மூச்சு விடவில்லை என்று அவள் சத்தியம் செய்தாள். கேட்டால் அவன் ஒரு பதிலும் சொல்வதில்லையாம். நாலு மணிக்கு முன்னாலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விடுகிறானாம். அக்காவுக்குத் தெளிவாகப் புரிந்தது. தம்பி இருந்த ஒரே இடத்தையும் தான் போய் நின்று கெடுத்துவிட்டோம். கடையை மூடவைத்தது போதாதென்று விளையாட்டையும் மூடவைத்தாயிற்று. அன்று சாப்பாடு இறங்கவில்லை அவளுக்கு.

இந்தத் துக்கத்துக்கு நடுவே அலுவலகத்தில் இன்னொரு வேடிக்கை. கருகல் வராமல் போன முதல் நாள், வேலை முடிந்து வந்தால் அவள் ஸ்கூட்டர் சீட்டில், இடது ஓரமாக, ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. உள்ளே ஒரு பன். பொட்டலத்தில் கடைப் பெயர் எதுவும் இல்லை. கேட்பாரற்றுக் கிடக்கிற தீனியை எலி பிடிப்பவர்கள் தொடவே மாட்டார்கள். அவர்களே அப்படி எத்தனை வைத்திருக்கிறார்கள். அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மதில்மேல் எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டாம் நாள் அதே சீட்டில், அதே இடது ஓரத்தில், இன்னொரு பொட்டலம். காவலாளியிடம் விசாரித்தாள், யாரையும் பார்க்கவில்லை என்று அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அக்கா பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தாள். வெண்ணெய் வாசனை. பன்னைத் திருப்பினாள். அடிப்பாகம் ஒரு சுற்று கூடுதலாகச் சிவந்திருந்தது.

தம்பி சுட்ட பன். தின்ன மனம் வரவில்லை. பாசமாகக் கொடுக்கிறானா, பழிக்குத் திருப்பிக் கொடுக்கிறானா என்று தெரியவில்லை. கடைசியாக அவன் கடையில் பன்னைக் கடித்துக்கொண்டே அவள் செய்த காரியம் நினைவுக்கு வந்தது. பொட்டலத்தை மடித்து மறுபடியும் மதில்மேல் வைத்தாள்.

மூன்றாம் நாள் மூன்றாவது பொட்டலம். பிரித்தாள். ஓரத்தில் ஒரு துளி பிய்த்து வாயில் போட்டாள். பதினான்கு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிவந்த அடிப்பாகத்தின் ருசி. மென்றுகொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். நேற்று மோந்து பார்த்தேன். இன்று கொறிக்கிறேன். அதே இடம், அதே நேரம், அதே தீனி, பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். வண்டி நிறுத்துமிடத்தில் தனியாக நின்றுகொண்டு, வாயில் பன்னோடு, கண்ணில் தண்ணீர் வழிய அவள் சிரித்ததைக் காவலாளி பார்த்தார். பார்த்ததாக அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அவருக்கும் தினம் ஒரு பன் கிடைத்துக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் அக்கா பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பிவிட்டாள். தலையை வாரிக்கொண்டாள். இருபத்திரண்டு வருடத்தில் எந்த எலியும் இப்படித் தலை வாரிக்கொண்டு பொறிக்குள் போனதில்லை.

ஸ்கூட்டர் சீட்டில் பொட்டலம் இல்லை. ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் தம்பி நின்றிருந்தான். சட்டையில் மாவு ஒட்டியிருந்தது. கொஞ்சம் இளைத்திருந்தான். இரண்டு பேரும் சிறிது நேரம் வண்டியின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“எப்போ தெரிஞ்சுது?” என்றாள் அக்கா.

“ரெண்டாவது நாள். எதிரிக்கு மூணு நாள் சும்மா தீனி போட்டுட்டு உக்காந்திருக்கிற ஆள் உலகத்துலயே நீ ஒருத்திதான்.”

நீ. அந்த ஒரு எழுத்தைக் கேட்டதும் அவள் ஸ்கூட்டர் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். தெரிந்தும் ஏன் அத்தனை கப்பலையும் அனுப்பினாய் என்று கேட்டாள். தின்றால் கொழுக்கிற எதிரி என்று உனக்குத் தோன்றாது, எனக்குத் தோன்றியது, அதனால் அனுப்பினேன் என்றான் அவன், ஏதோ மாவு பிசைவதைப் பற்றிச் சொல்வதுபோல. அதில் டயர்காரனிடம் இரண்டு சுரங்கம் போனதையும் மறக்காமல் சொல்லிக்காட்டினான்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். நாலாக மடித்திருந்த தாள். பின்பக்கம் முழுக்கக் காய்ந்த மாவுப் பொருக்கு. சுவரிலிருந்து பெயர்த்ததில் ஒரு மூலை கிழிந்திருந்தது. அடுப்புச் சூட்டில் பழுத்துப் போயிருந்த அந்த ஆய்வுப் படிவத்தை அவன் சீட்டின்மேல் விரித்து வைத்தான். பக்கத்தில் ஒரு பேனாவையும் வைத்தான்.

“இதுல ஒரு தப்பு இருக்குக்கா,” என்றான்.

அக்கா அன்றைக்கு அந்தப் படிவத்தை முதல் வரியிலிருந்து படித்தாள். ஒவ்வொரு கட்டமாக, விரலை வைத்து, எழுத்துக் கூட்டுகிறவள்போலப் படித்தாள். அவன் அவசரப்படுத்தவில்லை. பதினோராவது கட்டத்துக்கு வந்தபோது எழுத்துகள் மங்கின.

“உன் முகத்தைக்கூடப் பாக்காம கிறுக்கிட்டுப் போயிட்டேன்டா,” என்றாள். “அதை நினைக்காத நாள் இல்ல.”

தம்பி, தாள் காற்றில் பறக்காமல் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டான். அக்கா ‘இல்லை’ என்பதன்மேல் ஒரு கோடு போட்டாள். ‘உண்டு’ என்பதைச் சுற்றி வட்டம் போட்டாள். அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும் என்பது அலுவலக விதி. போட்டாள். கையெழுத்து கோணிக்கொண்டு போனது. தம்பி குனிந்து மையை ஊதிக் காயவைத்தான்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தபோது அக்காவுக்குள் இருந்த நகராட்சி மறுபடியும் முழித்துக்கொண்டது.

“இனிமே அந்த ஆய்வு செல்லாது. உன் கடைக்குத் திரும்ப ஒருத்தர் வந்து பாக்கணும். மாவு மூட்டைக்குப் பின்னாடி சுத்தமா வச்சிருக்கியா?”

“வச்சிருக்கேன். நீயே வந்து பாரு.”

“நான் எப்படிடா வர்றது?” என்றாள் அக்கா. “உறவு இருக்கே.”

தம்பி சைக்கிள் கூடையிலிருந்து நாலாவது பொட்டலத்தை எடுத்து நீட்டினான். அவள் மோந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.